இருபது கிலோ அரிசிக்குள் எவ்வளவு எண்ணெய்?

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் இருக்கிறது ஊரப்பாக்கம். ஏரியும் ஏரிப்பாசன வயலுமாக இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு சென்னையின் தெற்கு வாசலே இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. இங்கே நெல் விளைவது ஏறக்குறைய நின்றுபோனாலும் நெல் வருவது நிற்கவில்லை. மூன்று வடிவங்களில் அது வீட்டுக்குள் நுழைகிறது: சோறாக, தவிடு கலந்த தீவனம் தின்ற மாட்டின் பாலாக, மளிகைக்கடை அடுக்கில் பளபளக்கும் உறைக்குள் 'ரைஸ் பிரான் ஆயில்' ஆக.

அதே வீட்டில் குடும்ப அட்டையும் இருக்கும். ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த அரிசிக்குரிய நெல்லின் பெரும்பகுதியை அரசு முகமைகள் நம் நாட்டு உழவரிடம் கொள்முதல் செய்து, அரைத்து, பங்கிடுகின்றன. பாமாயிலின் மூலமோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நெல்லை அரைக்கும்போது உதிரும் தவிட்டிலும் எண்ணெய் இருக்கிறது. அது எவ்வளவு, எவ்வளவு நல்லது, பாமாயில் இருக்கும் இடத்தில் அதை வைக்க முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. நெல்லின் ரகத்தையும் விளைந்த மண்ணையும்விட, ஆலையில் கழியும் நேரமும் சுத்திகரிப்பு முறையுமே இதற்கான பதிலை முடிவு செய்கின்றன.

ஆலையில் பிரிவது

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி போகும். அரசுக் கொள்முதல் கணக்கில் பச்சரிசியாக 67 கிலோ, புழுங்கலரிசியாக 68 கிலோ தேற வேண்டும். உமியை நீக்கிய பழுப்பு அரிசியைத் தீட்டும்போது 5 முதல் 8 கிலோ வரை தவிடு உதிர்கிறது. அரிசியின் மேல்தோல் அடுக்குகளும் முளைக்கருவும் சேர்ந்ததுதான் தவிடு. தானியத்தின் கொழுப்பு, புரதம், பி வகை வைட்டமின்கள், தாது உப்புகள் ஆகியவற்றின் பெரும்பங்கு இந்த மெல்லிய போர்வைக்குள் இருக்கிறது. நல்ல தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு.

'நல்ல தவிடு' எது என்பதை ஆலை இயந்திரம் தீர்மானிக்கிறது. பிரேசில் நாட்டு எங்கெல்பெர்க் 1880களில் வடிவமைத்த 'ஹல்லர்' இயந்திரம் உலகெங்கும் நெல் விளையும் ஊர்களுக்குப் பரவியது. நம் கிராமத்து ரைஸ்மில்களில் பல தலைமுறைகளாக ஓடியதும் அதுதான். ஒரே ஓட்டத்தில் உமியையும் தவிட்டையும் சேர்த்து உரித்துவிடும். வெளியே வருவது உமித்தூள் கலந்த தவிடு. அதில் எண்ணெயின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உமியில் உள்ள மணற்சத்தான சிலிக்காவும் கூடவே வரும். மாட்டுத் தொட்டிக்கு அது போதும், எண்ணெய் ஆலைக்கு ஆகாது. ரப்பர் உருளைகள் உமியை முதலில் தனியே கழற்ற, அதன் பிறகு தீட்டும் இயந்திரம் தவிட்டைத் தனியே எடுக்கும் நவீன அரிசி ஆலைகள் 1960களில் வந்த பிறகே தவிடு ஒரு தொழில் மூலப்பொருளானது.

அந்த மாற்றத்தில் தஞ்சை வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும். ஈர நெல்லைக் காப்பது எப்படி என்ற கவலையிலிருந்து 1967-ல் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் பிறந்தது. அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம் மாறி, பெயர்கள் பல மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. நெல்லின் மதிப்பு வயலோடு முடிவதில்லை, ஆலையிலும் அது கூடிக் குறையும் என்பதைத் தமிழ்நாட்டில் முறையாக ஆராயத் தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று.

உதிர்ந்த கணத்தில் தொடங்கும் ஓட்டம்

முழு அரிசிக்குள் எண்ணெயும் அதைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் வேறு வேறு அடுக்குகளில் இருக்கின்றன. தீட்டும் இயந்திரம் அந்தத் தடுப்பை உடைத்துவிடுகிறது. நொதி எண்ணெயோடு கலந்து அதைத் தனிக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கத் தொடங்குகிறது. புதிதாக உதிர்ந்த தவிட்டின் எண்ணெயில் இந்தத் தனி அமிலம் 3 சதவீதத்துக்கும் குறைவு. சூடும் ஈரமும் உள்ள நம் ஊர்ச் சூழலில் அது நாளொன்றுக்கு 5 முதல் 7 சதவீதம் வரை ஏறும்; ஒரு மாதம் கிடந்தால் 70 சதவீதத்தைத் தொடும். அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டினாலே சமையலுக்கு ஏற்ற எண்ணெயாகச் சுத்திகரிப்பது கட்டுப்படியாகாத வேலையாகிவிடும். சுத்திகரிப்பில் பாதிக்குப் பாதி இழப்பு வரக்கூடும்.

இந்தியத் தவிட்டு எண்ணெயின் பெரும்பகுதி பல ஆண்டுகள் சமையலறைக்கு வராமல் சோப்பு ஆலைக்குப் போனதற்கு முதன்மைக் காரணம் இதுவே. எண்ணெய் தரம் குறைந்ததாக இருக்கவில்லை, தாமதம் அதைக் கெடுத்தது. ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த சின்ன ஆலைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்த்து, லாரி நிறைந்த பிறகு அனுப்பினால், பிழிவு ஆலையின் வாசலுக்கு வரும்போது பாதி வேலையை நொதி முடித்திருக்கும்.

தடுக்க வழிகள் உண்டு. தவிடு உதிர்ந்த சில மணி நேரத்துக்குள் நீராவியாலோ அழுத்தச் சூட்டாலோ நொதியைக் கொல்லலாம். அமிலம் தெளித்து அடக்கலாம். அன்றன்றே பிழிவு ஆலைக்கு ஏற்றிவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பே தமிழரின் அடுப்பில் ஒரு வழி இருந்தது: நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்து அரைப்பது. புழுங்கலரிசிக்காகச் செய்யும் அந்த அவித்தலில் லைப்பேஸ் பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. மேலும், அவித்த அரிசி இறுகிவிடுவதால் தீட்டும்போது மாவுச்சத்து தவிட்டோடு அதிகம் கலப்பதில்லை. அதனால் புழுங்கல் தவிட்டில் எண்ணெய் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. அவிக்கும் சூட்டில் இயற்கையான எதிர்-ஆக்சிஜனேற்றிகளில் ஒரு பகுதி அழியும்; எண்ணெயின் நிறம் அடர்ந்துவிடும்; நொதி செத்தாலும் காற்று பட்டுச் சிக்குவாடை பிடிப்பது தொடரும். எனவே அவித்த தவிடும் மாதக்கணக்கில் கிடக்கலாம் என்பதில்லை. ஆனால் பச்சரிசித் தவிட்டுக்கு மணிக்கணக்கில் அவகாசம் என்றால் இதற்கு நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். பாலாற்றுக்குத் தெற்கே மதுராந்தகம், அச்சிறுபாக்கம், செய்யூர் பக்கங்களில் ஏரிகளை நம்பி இன்னும் நெல் விளைகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவம் இருப்பதால் நெல் ஒரே மூச்சில் வந்து குவியாமல் ஆண்டு முழுவதும் பிரிந்து வருகிறது. வடக்கே செங்குன்றத்திலும் மேற்கே ஆரணியிலும் அரிசி ஆலைகள் வரிசையாக இயங்குகின்றன. அந்த ஆலைகளில் பெரும்பாலும் அரைபடுவதும் புழுங்கல்தான். நல்ல தவிட்டு எண்ணெய்க்கு வேண்டிய முதல் நிபந்தனை இங்கே தனிச்செலவு இல்லாமலே நிறைவேறிவிடுகிறது.

செக்குக்குள் அடங்காதது

மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகியிருக்கும் காலம் இது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று புறநகர் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் ஆட்டித் தருவதை மக்கள் விரும்புகிறார்கள். தவிட்டு எண்ணெயை இந்த வழியில் எடுக்க முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலக்கடலைப் பருப்பில் எண்ணெய் 45 சதவீதத்துக்கு மேல், எள்ளில் சுமார் 50, கொப்பரையில் 60-க்கும் மேல். மாவு போன்ற தவிட்டில் 20 சதவீதம்தான். அழுத்தினால் எண்ணெயை மாவே உறிஞ்சிக்கொண்டு பெரும்பகுதியை விடாது.

ஆகவே கரைப்பான் முறை. தவிட்டை முதலில் நீராவியில் பதமாக்கிச் சின்னச் சின்னக் குச்சிகளாக அழுத்துவார்கள். இல்லையென்றால் கரைப்பான் உள்ளே புகாமல் சேறாகிவிடும். பிறகு ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை அதன் மேல் மீண்டும் மீண்டும் ஓடவிடுவார்கள். எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும் கலவையைக் காய்ச்சினால், 69 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் ஹெக்சேன் ஆவியாகிப் பிரிந்து, குளிர்ந்து, மறுபடி பயன்பாட்டுக்குத் திரும்பும். பின்னால் மிஞ்சுவது கருத்த, கலங்கலான கச்சா எண்ணெய். இன்னொரு பக்கம் ஒரு சதவீதம் அளவுக்கே எண்ணெய் மிஞ்சிய தவிடு தீவனத்துக்குப் போகும்.

கச்சா நிலையில் இதை யாரும் உண்ணக் கூடாது என்பது சட்டம். சுத்திகரித்த தவிட்டு எண்ணெயை மட்டுமே மக்களுக்கு உணவாக விற்கலாம் என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள். மிஞ்சும் ஹெக்சேனுக்கு உச்சவரம்பு 5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. 'சுத்திகரிப்பு' என்ற சொல்லைக் கண்டாலே ஒதுங்குபவர்களுக்கு இந்த எண்ணெய் ஏற்றதல்ல; இதற்குச் சுத்திகரிக்காத வடிவமே கிடையாது. ஏற்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்படிச் சுத்திகரிக்கப்பட்டது என்பது.

எது போகிறது, எது நிற்கிறது

கச்சா எண்ணெயிலிருந்து பிசின், மெழுகு, நிறம், தனி அமிலம், வாடை என ஐந்தையும் நீக்க வேண்டும். மெழுகு மட்டுமே 2 முதல் 4 சதவீதம். எண்ணெயைக் குளிரவைத்தால் அது உறைந்து வடிகட்டியில் நிற்கும். சிக்கல் தனி அமிலத்தை நீக்குவதில் வருகிறது. காரத்தைச் சேர்த்து அமிலத்தைச் சோப்பாக்கிப் பிரிப்பது ஒரு முறை. வெற்றிடத்தில் அதிக சூட்டில் நீராவியைச் செலுத்தி அமிலத்தை ஆவியாக வெளியேற்றுவது இன்னொரு முறை. இதையே பௌதிகச் சுத்திகரிப்பு என்கிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரைசனால் காட்டிக்கொடுக்கும். 1954-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கனேகோவும் சுச்சியாவும் தவிட்டு எண்ணெயில் கண்டறிந்த பொருள் இது. முதலில் ஒற்றைப் பொருள் என்று எண்ணப்பட்டது. பின்னால் தாவர ஸ்டீரால்களும் பெருலிக் அமிலமும் இணைந்த பல சேர்மங்களின் கூட்டு என்று தெரிந்தது. கச்சா எண்ணெயில் இது ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை இருக்கும். வேறெந்தச் சமையல் எண்ணெயிலும் இந்த அளவுக்கு இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் கோபாலகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒவ்வொரு படியிலும் ஒரைசனாலை அளந்தது. பிசினும் மெழுகும் நீக்குகையில் சிறிதளவே போயிற்று. காரம் சேர்த்த படியில் 93 முதல் 95 சதவீதம் வரை சோப்புக் கழிவோடு போய்விட்டது. பௌதிக முறையில் சுத்திகரித்த எண்ணெயில் 1.1 முதல் 1.74 சதவீதம் வரை நின்றது. கார முறையில் 0.2 சதவீதம்தான் மிஞ்சியது. ஒரே தவிடு, ஒரே கச்சா எண்ணெய். உறைக்குள் போகும்போது பல மடங்கு வித்தியாசம்.

இதோடு முடித்துவிட்டால் பௌதிக முறைக்கு முழு வெற்றி என்று தோன்றும். அந்த முறைக்கு 230 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில், குறிப்பாகத் தவிட்டு எண்ணெயில் இயல்பாகவே கூடுதலாக உள்ள இரட்டைக் கிளிசரைடுகளிலிருந்து, கிளைசிடைல் எஸ்டர்கள் என்னும் வேண்டாத பொருட்கள் உருவாகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எல்லாச் சுத்திகரித்த எண்ணெய்களையும் குறித்து எச்சரித்த பொருட்களுள் இவையும் அடக்கம். தொடக்கத்திலேயே அமிலம் குறைவாக உள்ள கச்சா எண்ணெய் என்றால் இவ்வளவு சூடும் இவ்வளவு நேரமும் தேவைப்படாது. தவிடு ஆலையில் எத்தனை நாள் கிடந்தது என்ற கேள்வி இங்கே மீண்டும் வந்து நிற்கிறது.

சுத்திகரிப்பில் நேரும் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தவிட்டு எண்ணெய் வரலாற்றிலேயே ஒரு கொடிய பாடம் உண்டு. 1968-ல் மேற்கு ஜப்பானில் ஓர் ஆலையின் வாடை நீக்கும் கலத்தில், வெப்பம் கடத்தும் குழாயிலிருந்து பி.சி.பி. என்ற நச்சுத் திரவம் எண்ணெயில் கசிந்தது. முதலில் அந்த எண்ணெயின் கழிவைத் தீவனத்தில் தின்ற கோழிகள் லட்சக்கணக்கில் செத்தன, எச்சரிக்கை உணரப்படவில்லை. பிறகு மனிதர்களிடம் தோல் கொப்புளமும் நரம்புக் கோளாறும் தோன்றின. 'யூஷோ' என்று பெயர் பெற்ற அந்த நோய்க்கு ஆளானவர்களாக இதுவரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை ஜப்பான் அரசு ஏற்றிருக்கிறது. 1979-ல் தைவானில் அதே விபத்து, அதே எண்ணெயில் மீண்டும் நடந்தது. நஞ்சு தவிட்டிலிருந்து வரவில்லை, குழாயின் ஓட்டையிலிருந்து வந்தது. ஆயினும் ஜப்பான் தவிட்டு எண்ணெயைக் கைவிடவில்லை. வெப்பம் கடத்தும் பொருளை மாற்றியது, கண்காணிப்பை இறுக்கியது. இன்று அங்கே டெம்புரா பொரிக்க விரும்பி வாங்கும் எண்ணெய்களில் அதுவும் ஒன்று.

உடலுக்குச் செய்வதும் செய்யாததும்

தவிட்டு எண்ணெயில் ஒலியிக் அமிலம் 40 சதவீதத்தைச் சுற்றி, லினோலியிக் 30-க்கு மேல், பால்மிட்டிக் 20-ஐ ஒட்டி இருக்கிறது. செறிவுற்ற கொழுப்பு மொத்தத்தில் கால் பங்குக்குள் அடங்கும். பாமாயிலில் அது ஏறக்குறைய பாதி. புகையத் தொடங்கும் சூடு 230 டிகிரியை ஒட்டியது என்பதால் வடைக்கும் அப்பளத்துக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஒமேகா-3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம் ஒன்றிரண்டு சதவீதம்தான். அதை இதில் தேடக் கூடாது.

கொழுப்பு அமிலங்களின் விகிதம் மட்டும் பார்த்தால் நிலக்கடலை எண்ணெய்க்குப் பக்கத்தில் உட்காரும். வேறுபாடு சோப்பாகாத பகுதியில் இருக்கிறது: ஒரைசனால், தாவர ஸ்டீரால்கள், வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோக்கோட்ரையீனால்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ருக்மிணியும் ரகுராமும் 1980களில் எலிகளிடமும் மனிதரிடமும் நடத்திய சோதனைகள், தவிட்டு எண்ணெய் இரத்தக் கொழுப்பைக் குறைக்கிறது என்று காட்டி உலகின் கவனத்தை ஈர்த்தன. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தவிட்டின் நார்ச்சத்து இதைச் செய்யவில்லை, எண்ணெயே செய்தது என்று பிரித்துக் காட்டியது. 2016-ல் 11 மருத்துவச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராம் குறைந்தது. குறைவு உண்மை, அளவு சிறியது. 140 இருப்பவருக்கு 133 ஆகலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 20, 30 கிராம் என்ற மொத்த அளவைத் தாண்டினால் எந்த எண்ணெயின் நன்மையும் நிற்காது.

இன்னொரு மயக்கமும் தெளிய வேண்டும். தவிட்டு எண்ணெய் வாங்குவது தீட்டாத அரிசி உண்பதற்கு ஈடாகாது. தவிட்டின் புகழ் தொடங்கியது எண்ணெயில் இல்லை, பி1 வைட்டமினில். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் வலுவிழந்து விழுவதை 1890களில் ஐக்மன் கண்டார். அங்கேயே 1926-ல் ஜான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அந்த வைட்டமினைப் படிகமாகப் பிரித்தார்கள். நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில் 1918-ல் மக்கரிசன் தொடங்கிய, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் குறித்த ஆய்வு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. பின்னால் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுதான். அவருக்குப் பின் 1935-ல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, சென்னை மாகாணத்தின் வடகடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி இருப்பதையும், புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்கள் அதிலிருந்து தப்பியிருப்பதையும் ஆராய்ந்தார். நெல்லை அவிக்கும்போது பி1 தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அந்த வைட்டமின் நீரில் கரைவது, எண்ணெயில் வராது. பிழிந்த பிறகு மிஞ்சும் தவிட்டோடு அது மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் போய்ச்சேர்கிறது. எண்ணெய் வடிவில் நமக்குத் திரும்புவது தவிட்டின் ஒரு பங்கு மட்டுமே.

மற்றத் தானியங்களின் துணைப்பொருள்களும் இதே விதிக்கு உட்பட்டவை. மக்காச்சோள மாவுச்சத்து ஆலைகளில் பிரியும் முளைக்கருவில் எண்ணெய் 40 சதவீதத்தைச் சுற்றி இருப்பதால் அதைப் பிழிய முடிகிறது. கோதுமை முளையில் 10 சதவீதம்தான். வைட்டமின் ஈ மிகுந்திருந்தாலும் மிக விரைவில் கெடும், விலையும் அதிகம். அதனால் அது சமையலறைக்கு வராமல் மருந்துக்கடைக் குப்பியிலேயே நிற்கிறது. பெருமளவில் சமைக்கக்கூடிய தானியத் துணை எண்ணெய் என்று பார்த்தால் நமக்கு முதன்மையானது நெல்தவிடுதான்.

சந்தை சொல்வது

இந்தியாவின் அரிசி விளைச்சல் 2023-24-ல் 1,378 லட்சம் டன். அதற்குரிய நெல் சுமார் 2,000 லட்சம் டன். குறைந்தபட்சமாக 5 சதவீதம் தவிடு என்றாலும் 100 லட்சம் டன். எண்ணெயாக 15 லட்சம் டன்னுக்குக் குறையாது. இப்போது எடுப்பது ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். உலகில் இதுவே முதலிடம். இருந்தும் மூன்றில் ஒரு பங்கு கைநழுவுகிறது. ஹல்லர் தவிடாகவும், கிடந்து கெட்ட தவிடாகவும், நேரடித் தீவனமாகவும் அது போய்விடுகிறது. நாடு ஆண்டுக்கு 150 லட்சம் டன்னை ஒட்டிச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்வதால், நழுவும் ஐந்து லட்சம் டன் அந்தச் சுமையில் சிறு பங்குதான்.

எண்ணெய் ஆலையின் லாபம் எண்ணெயை மட்டும் நம்பி இல்லை. நூறு கிலோ தவிட்டில் எண்பது கிலோவுக்கு மேல் பிழிந்த தவிடாகவே வெளியே போகிறது. அதற்கு விலை இல்லையென்றால் ஆலை நட்டத்தில் ஓடும். பால் விலையையும் தீவன விலையையும் அடக்க 2023 ஜூலை இறுதியில் மத்திய அரசு பிழிந்த தவிட்டின் ஏற்றுமதியைத் தடை செய்து, தடையை 2025 வரை பலமுறை நீட்டித்தது. அதே காலத்தில் தானியத்திலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலைகளின் சக்கையும் தீவனச் சந்தையில் மலிவாக இறங்கியது. பாமாயில் இறக்குமதி வரியும் ஊசலாடுகிறது: கச்சா எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் 20 சதவீத அடிப்படை வரி, 2025 மே இறுதியில் அது 10 ஆகக் குறைப்பு. இந்த மூன்று கயிறுகளும் ஒரே நேரத்தில் இழுத்தபோது, தவிட்டை நொதி தொடும் முன் வாங்கிப் பிழிய முதலீடு செய்ய ஆலைக்காரர் தயங்கியதில் வியப்பில்லை.

குடும்ப அட்டைக் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒரு வீட்டுக்கு மாதம் 20 கிலோ புழுங்கலரிசி என்று வைத்துக்கொள்வோம். 68 சதவீத அரவை விகிதத்தில் அதற்கு வேண்டிய நெல் சுமார் 30 கிலோ. அதில் நடுத்தரமாக 6 சதவீதம் தவிடு என்றால் 1.8 கிலோ. 20 சதவீதம் எண்ணெய் என்றால் 360 கிராம். சுத்திகரிப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கழிந்தாலும் 300 கிராமுக்கு மேல் நிற்கும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஆக, ரேஷன் அரிசியோடு பிறந்த எண்ணெய் ரேஷன் பாமாயிலில் மூன்றில் ஒரு பங்கை ஈடுகட்டும்.

பாமாயிலை அடியோடு நீக்கிவிடலாம் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. தேங்காய், நிலக்கடலை உழவர்கள் தங்கள் எண்ணெயை ரேஷனில் தர வேண்டும் என்று கேட்பதில் உள்ள நியாயத்தையும் இது மறுக்கவில்லை. அந்த எண்ணெய்களுக்கு நிலமும் நீரும் தனியே வேண்டும், தவிட்டுக்கு வேண்டாம் என்பதுதான் வித்தியாசம். விதிப்படி ஒரு கலப்பு எண்ணெயில் ஒவ்வோர் எண்ணெயும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் வரும் மூன்றில் ஒரு பங்கு அந்த வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது. பாமாயிலோடு தவிட்டு எண்ணெயைக் கலந்தால் செறிவுற்ற கொழுப்பு குறையும், ஒரைசனால் சேரும், இறக்குமதி குறையும். முன்னுதாரணமும் இல்லாமல் இல்லை: 2021 ஜூனில் நாபெட் நிறுவனம் வைட்டமின் ஏ, டி சேர்த்த தவிட்டு எண்ணெயை மத்திய உணவுத்துறையின் ஆதரவோடு சந்தைக்குக் கொண்டுவந்தது.

தடை நெல்லில் இல்லை, உரிமையில் இருக்கிறது. அரசு நெல்லை அரைத்துத் தரும் ஆலைகளிடமே உமியும் தவிடும் விடப்படுவது நாடெங்கும் உள்ள நடைமுறை. அரவைக் கூலி குறைவாக இருப்பதற்கு ஈடு அது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் சொந்த நவீன ஆலைகளில் தவிடு ஒப்பந்தப்புள்ளியில் அதிக விலைக்குக் கேட்பவருக்குப் போகிறது. எத்தனை நாளில் எடுத்துச் செல்வார், எதற்குப் பயன்படுத்துவார் என்பதை விலை மட்டும் பார்க்கும் ஒப்பந்தம் கவனிப்பதில்லை. கழகத்தின் சொந்த ஆலைகளிலிருந்தே தொடங்கலாம்: அன்றன்றைத் தவிட்டை அன்றன்றே எடுப்பவருக்கும், உணவுத் தரத்தில் பௌதிக முறையில் சுத்திகரிப்பவருக்கும் முன்னுரிமை, விலையின் ஒரு பகுதியை எண்ணெயாகவே திருப்பித் தரும் நிபந்தனை. மதுராந்தகம் போன்ற இடங்களில் ஹல்லரை விட்டு ரப்பர் உருளைக்கு மாறும் சின்ன ஆலைகளுக்கு உதவியும், அவற்றின் தவிட்டைச் சேகரிக்கும் அன்றாட வண்டியும் அடுத்த படி. மாட்டுத் தீவனம் இதனால் குறையாது. பிழிந்த தவிடு திரும்பிப் போகும், அதன் எண்ணெய் நீங்கியிருக்கும், புரத விகிதம் கூடியிருக்கும். ஆற்றலில் வரும் குறைவைத் தீவனக் கலவையில் சரிக்கட்ட வேண்டியிருக்கும். அதையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஊரப்பாக்கத்துக் கடையில் நிற்பவர் அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறையின் பின்பக்கம் ஒரைசனால் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10,000 பி.பி.எம். என்றால் ஒரு சதவீதம். அது பௌதிக முறையில் சுத்திகரித்த எண்ணெய். ஓராயிரம், இரண்டாயிரம் என்றால் பெரும்பகுதி சோப்புக் கழிவோடு போய்விட்டது. அதற்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. எண்ணே இல்லாமல் இதயப் படம் மட்டும் போட்டிருந்தால் பொருளை அடுக்கிலேயே விட்டுவிடலாம். அந்த எண்ணை அச்சிடுவதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கினாலே, தவிட்டை விரைந்து எடுத்து நன்றாகச் சுத்திகரிக்கும் ஆலைக்கும் கிடப்பில் போட்டுக் காரத்தில் கழுவும் ஆலைக்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரியத் தொடங்கும். அரசுக் கழகம் தன் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதும் அதே எண்ணைத்தான்.